யூஆர்டிஐ-க்குக் குறியீடு போடுவது: கிளினிக் கவுண்டருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூரில் குடும்ப மருத்துவர் கிளினிக் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே இந்த வேலை உங்களிடம் வந்துவிடும். மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் அவருடைய குறிப்பு நம் திரைக்கு வரும். அதைப் படித்து, நோய்க்குரிய குறியீட்டைத் தேடிப் பதிய வேண்டும். சில இடங்களில் மருத்துவரே பதிந்துவிடுவார், சரிபார்ப்பது மட்டும் நம் பொறுப்பு. எப்படியானாலும் சளி, இருமல், தொண்டை வலி என்று வருகிறவர்கள்தான் அன்றாடக் கூட்டம். அவர்கள் எல்லாருக்கும் கிளினிக்கில் வழங்கும் ஒரே பெயர் யூஆர்டிஐ, அதாவது மேல் சுவாசப்பாதைத் தொற்று.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் பட்டியலில் முதலில் வந்து நிற்பது ஜே06.9. "இடம் குறிப்பிடப்படாத மேல் சுவாசப்பாதைத் தொற்று" என்பது அதன் பொருள். வரிசை நீளமாக இருக்கும்போது அதை அழுத்திவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிடுவது சுலபம். பல மாதங்கள் அப்படியே ஓடின.

ஒரு பையனால்தான் தவறு தெரிந்தது. ஆறு வயது. டான்சில் வீங்கி, காய்ச்சலோடு அடிக்கடி வருவான். ஒரு நாள் காது மூக்கு தொண்டை நிபுணருக்கு மருத்துவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இதுவரை எத்தனை முறை டான்சில் அழற்சி வந்தது என்று என்னிடம் கேட்டார். டான்சிலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது நிபுணர்கள் இந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். ஓராண்டில் 7 முறை, அல்லது அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 முறை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். டான்சில் குறியீட்டைக் கொடுத்துத் தேடினேன். ஒன்றுமே வரவில்லை. மருத்துவர் ஒவ்வொரு முறையும் "அக்யூட் டான்சிலைட்டிஸ்" (திடீர் டான்சில் அழற்சி) என்று தெளிவாக எழுதியிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் ஜே06.9 போட்டிருந்தேன். அந்த அம்மா கைப்பையில் மடித்து வைத்திருந்த ரசீதுகளை எடுத்துக் கவுண்டர் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். நான் தேதியைப் பார்த்துப் பார்த்துப் பழைய குறிப்புகளைத் திறந்து எண்ணினேன். பையன் பக்கத்து நாற்காலியில் அம்மாவின் கைப்பேசியை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். சரியான குறியீடு இருந்திருந்தால் அரை நிமிட வேலை அது.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான். மருத்துவர் எழுதியதைவிடக் கூடுதலாகவும் குறியீடு போடக்கூடாது, குறைவாகவும் போடக்கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த விதியை நடைமுறையில் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜே, பி, யூ, ஆர், எச் என்று நான் எழுதுவதெல்லாம் குறியீட்டின் முதல் ஆங்கில எழுத்து. திரையில் அந்த எழுத்தையே தட்டுங்கள்.

1. எந்தத் தொகுதி என்று முதல் நாளே கேளுங்கள்

நோய்களுக்கான இந்தச் சர்வதேசக் குறியீட்டுத் தொகுதியை "ஐசிடி-10" என்று எல்லாரும் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அதில் பல பதிப்புகள் உண்டு. அடிப்படை, உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஐசிடி-10. நம் மருத்துவமனைகள் 2012 முதல் பயன்படுத்துவது அதன் ஆஸ்திரேலியத் திருத்தம், ஐசிடி-10-ஏஎம். அமெரிக்காவுக்குத் தனியாக ஐசிடி-10-சிஎம் இருக்கிறது. இவற்றோடு ஸ்னோமெட் சிடி என்று இன்னொரு முறையும் உண்டு. அதில் எழுத்தே கிடையாது, நீண்ட எண் மட்டும்தான். 82272006 என்றால் சாதாரணச் சளி, 54150009 என்றால் மேல் சுவாசப்பாதைத் தொற்று. உங்கள் கிளினிக் மென்பொருளில் நோயின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் இப்படி ஓர் எண் வந்தால் பதற வேண்டாம், அது ஸ்னோமெட்.

புதியவர்கள் விழும் முதல் பள்ளம் கூகுள். அங்கே தேடினால் முதல் பக்கத்தில் வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பதிப்பு. டான்சில் அழற்சிக்கு அங்கே ஜே03.90 என்று இருக்கும், அடிப்படைப் பதிப்பில் ஜே03.9 மட்டும்தான். சைனஸுக்கும் அப்படியே, அங்கே ஜே01.90, இங்கே ஜே01.9. இருமலுக்கு அடிப்படைப் பதிப்பில் ஆர்05 என்று நின்றுவிடும். அமெரிக்கப் பதிப்பில் 2021 அக்டோபரிலிருந்து அதையும் பிரித்துவிட்டார்கள். கடைசியில் ஓர் எண் கூடுதலாக இருந்தால், நீங்கள் பார்ப்பது அமெரிக்கப் பட்டியலாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

ஐசிடி-11 என்று ஒன்று 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் சளிக்குக் குறியீடு சிஏ00. தேடும்போது கண்ணில் பட்டால் கடந்து போங்கள். உங்கள் மென்பொருள் அதைக் கேட்காத வரை தேவையில்லை.

2. கையில் இருக்க வேண்டியவையும் செலவும்

பணம் கட்ட வேண்டிய பொருள் ஒன்றுமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 தேடல் பக்கம் இணையத்தில் இலவசம், அதன் 2019 பதிப்பைத் திறந்து வையுங்கள். ஆஸ்திரேலியப் பதிப்பின் புத்தகங்கள் விலைக்கு வருபவை. மருத்துவமனையில் சேர்ந்தால் அவர்களே தருவார்கள், கிளினிக்கில் தேவைப்படாது.

இரண்டாவது, உங்கள் மருத்துவரின் சுருக்கெழுத்துப் பட்டியல். இதை யாரும் அச்சடித்துத் தரமாட்டார்கள், நீங்களே ஒரு சின்ன நோட்டில் எழுத வேண்டும். "ஏஆர்" என்றால் நம்மிடம் ஒவ்வாமை மூக்கழற்சி, இதய நிபுணரிடம் போனால் அதே இரண்டெழுத்து இதய வால்வுக் கோளாறு. "ஏஓஎம்" என்றால் நடுக்காது அழற்சி. விடுமுறைக்கு மாற்று மருத்துவர் வரும் நாளில் முதல் வேலையாக அவருடைய சுருக்கங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே எழுத்தை இருவர் இரண்டு பொருளில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி வகுப்பில் சேரட்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு அரசாங்கத்தின் பயிற்சி உதவித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 500 வெள்ளியும், 40 வயது நிரம்பியவர்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளியும் இருக்கிறது. அந்த 4,000-ஐ எல்லா வகுப்புக்கும் பயன்படுத்த முடியாது, சேரும் முன் கேளுங்கள். என் கருத்தைக் கேட்டால், முதல் மூன்று மாதம் வகுப்பு வேண்டாம். கவுண்டரில் உட்கார்ந்து பழகிய பிறகு போனால் அங்கே சொல்வது விளங்கும்.

இன்னொன்று. சந்தேகம் வந்தால் நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண் தெரியும் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிலும் ஒட்டாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம் கவுண்டருக்கும் சேர்த்துத்தான். நோயின் பெயரை மட்டும் எழுதிக் கேட்டாலே பதில் கிடைத்துவிடும்.

3. நோயாளி சொன்ன தமிழையும் மருத்துவர் எழுதியதையும் கலக்காதீர்கள்

தமிழ் தெரிந்த உதவியாளர் என்றால் பாட்டி, தாத்தாக்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே நாம் மட்டும் செய்யக்கூடிய உதவி இருக்கிறது, நாம் மட்டும் செய்யக்கூடிய தவறும் இருக்கிறது.

"தொண்டை கட்டிக்கிச்சு" என்று ஒரு பாட்டி சொன்னால் அவருக்குக் குரல் போய்விட்டது என்று பொருள். அதைத் தொண்டை வலி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் மருத்துவர் வேறு பக்கம் போய்விடுவார். வலிக்கு அறிகுறிக் குறியீடு ஆர்07.0, குரல் கம்முவதற்கு ஆர்49.0. "சளி" அதைவிடச் சிக்கல். மூக்கில் ஒழுகுவதும் சளி, நெஞ்சில் கட்டியிருப்பதும் சளி. "மூக்குச் சளியா, நெஞ்சுச் சளியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முன்னது மேல் பாதை, பின்னது கீழ்ப் பாதையாக இருக்கலாம். "பீனிசம்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சைனஸ் தொல்லையைச் சொல்கிறார்கள். "இளைப்பு" என்றால் மூச்சு வாங்குவது, அதைச் சோர்வு என்று சொல்லிவிடக்கூடாது.

மொழிபெயர்த்தது நீங்களாக இருந்தாலும், குறியீடு போடும்போது பாட்டி சொன்னதை மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது மருத்துவர் கடைசியில் எழுதிய நோய்முடிவை மட்டும்தான். பாட்டி பீனிசம் என்றாலும் மருத்துவர் ஒவ்வாமை என்று எழுதியிருந்தால் அது ஒவ்வாமைதான்.

4. ஏழு பெட்டிகள்

மேல் சுவாசப்பாதையின் திடீர்த் தொற்றுகளுக்கு ஐசிடி-10-இல் ஜே00 முதல் ஜே06 வரை ஏழு பெட்டிகள். மூக்கில் தொடங்கிக் கீழே இறங்கும் வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையை உங்கள் முகத்தில் விரல் வைத்துப் பழகினால் ஒரே நாளில் மனத்தில் நின்றுவிடும்.

மூக்கு: ஜே00, சாதாரணச் சளி. இதற்குப் புள்ளிக்குப் பின் எண் கிடையாது. கன்னத்தையும் நெற்றியையும் தொடுங்கள்: ஜே01, அக்யூட் சைனசைட்டிஸ். கன்னத்துச் சைனஸ் என்று எழுதியிருந்தால் ஜே01.0, நெற்றிச் சைனஸ் என்றால் ஜே01.1, எது என்று எழுதாவிட்டால் ஜே01.9. தொண்டை: ஜே02, ஃபாரிஞ்சைட்டிஸ். டான்சில்: ஜே03. குரல்வளையும் மூச்சுக்குழலும்: ஜே04. இதில் குரல்வளை மட்டும் என்றால் .0, மூச்சுக்குழல் மட்டும் என்றால் .1, இரண்டும் சேர்ந்தால் .2. குழந்தைகளுக்கு நாய் குரைப்பதுபோல் இருமல் வரும் குரூப், ஜே05.0. குரல்வளை மூடி வீங்குவது ஜே05.1, அந்தக் குழந்தை நம் கவுண்டரில் காத்திருக்காது, ஆம்புலன்சில் போகும். கடைசியாக ஜே06, பல இடம் அல்லது இடம் தெரியாதது.

ஜே02-க்கும் ஜே03-க்கும் உள்ளே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி என்று மருத்துவர் எழுதியிருந்தால் .0. அந்தக் குறியீட்டிலேயே கிருமியின் பெயர் அடங்கிவிட்டது, தனியாக இன்னொன்று வேண்டாம். வேறு கிருமியைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் .8 போட்டு, கிருமிக்கென்று பி95 முதல் பி98 வரை உள்ள கூடுதல் குறியீட்டைச் சேர்க்கலாம். ஒன்றும் எழுதவில்லை என்றால் .9. நம் கிளினிக் வேலையில் பத்துக்கு ஒன்பது .9-தான் வரும், அதில் தவறில்லை.

அப்படியானால் ஜே06.9 எப்போது? மருத்துவர் "யூஆர்டிஐ" என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் அதுவே சரியான குறியீடு. மூக்கும் ஒழுகி, தொண்டையும் கரகரத்து, இருமலும் உள்ள ஒருவருக்கு அவர் வேண்டுமென்றே பொதுவாக எழுதியிருப்பார். பரிசோதனைக் குறிப்பில் "தொண்டை சிவந்திருக்கிறது" என்ற வரியைப் பார்த்துவிட்டு நீங்களாகவே ஜே02.9-க்கு மாற்றக்கூடாது. அது கூடுதலாகப் போடுவது. அந்த டான்சில் பையன் விஷயத்தில் நான் செய்தது குறைவாகப் போடுவது. இரண்டும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

5. "அக்யூட்" என்ற ஒற்றைச் சொல்

எனக்கு மிகவும் பிடிபடாமல் இருந்தது இதுதான். மருத்துவர் அவசரத்தில் "அக்யூட்" என்ற சொல்லை விட்டுவிடுவார். அந்தச் சொல் இல்லாவிட்டால் குறியீடு எந்தப் பக்கம் சாயும் என்பது நோய்க்கு நோய் மாறும்.

"ஃபாரிஞ்சைட்டிஸ்", "டான்சிலைட்டிஸ்", "லாரிஞ்சைட்டிஸ்" (குரல்வளை அழற்சி) என்று மொட்டையாக எழுதினால் ஐசிடி-10 அவற்றைத் திடீர் நோயாகவே எடுத்துக்கொள்ளும். ஜே02.9, ஜே03.9, ஜே04.0. பிரச்சினை இல்லை.

"சைனசைட்டிஸ்" என்று மொட்டையாக எழுதினால் அது நாட்பட்ட நோயாகப் போய் ஜே32.9-இல் விழும். "ரைனைட்டிஸ்" (மூக்கழற்சி) என்று மட்டும் எழுதினால் ஜே31.0, அதுவும் நாட்பட்டது. மூன்று நாள் மூக்கடைப்போடு வந்த இளைஞரின் பதிவில் "நாட்பட்ட சைனஸ்" என்று ஏறிவிடும்.

இதில் என்ன கேடு? தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் முன்பே உள்ள நோய்களையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்கு மேல் தனியார் காப்புறுதி நிறுவனத்தின் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் வாங்கப் போனால், அவர்கள் பழைய மருத்துவப் பதிவைக் கேட்பார்கள். நாட்பட்ட நோய் என்று அதில் இருந்தால் கேள்வி வரும், சில நேரம் அந்த நோயை விலக்கிவைத்துத் திட்டம் தருவார்கள். ஒரு சொல் விட்டுப்போனதற்கு அந்த இளைஞர் பல ஆண்டுகள் கழித்துக் கடிதம் வாங்க நம் கிளினிக்குக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே சைனசைட்டிஸ், ரைனைட்டிஸ் இரண்டையும் பார்த்தால் கையை நிறுத்துங்கள். "டாக்டர், அக்யூட்டா, குரோனிக்கா (நாட்பட்டதா)?" என்று ஒரே கேள்வி. அவர் பதில் சொன்னதும் அவரையே குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் காதில் விழுந்தது பதிவாகாது.

6. இரண்டு இடம் சேர்ந்து வந்தால்

தொண்டையும் குரல்வளையும் சேர்ந்த அழற்சிக்குத் தனி இடம் உண்டு: ஜே06.0. குரல்வளையும் மூச்சுக்குழலும் என்றால் முன்பே சொன்ன ஜே04.2. இப்படித் தனி இடம் இல்லாத சேர்க்கை வந்தால் ஐசிடி-10 சொல்லும் விதி எளிது: எது உடலில் கீழே இருக்கிறதோ அந்தக் குறியீடு. மூச்சுக்குழலும் மூச்சுக்கிளையும் சேர்ந்த அழற்சி கீழே உள்ள மூச்சுக்கிளையின் கணக்கில் போகும். அக்யூட் என்றால் ஜே20.9, ஒன்றும் சொல்லாவிட்டால் ஜே40. அந்த நொடியே அது மேல் சுவாசப்பாதையை விட்டு வெளியேறிவிடுகிறது.

"யூஆர்டிஐ, கூடவே ஏஓஎம்" என்பது வேறு விஷயம். அவை இரண்டு தனி நோய்கள், இரண்டு குறியீடு. ஜே06.9-உம் எச்66.9-உம்.

7. சளிபோலத் தெரியும், ஆனால் வேறு பெட்டி

ஃபுளூ: மேல் சுவாசத் தொற்று என்று மனத்தில் தோன்றினாலும் அதற்குத் தனி இடம். பரிசோதனையில் கிருமி உறுதியானால் ஜே10.1, மருத்துவர் பரிசோதனை இல்லாமலே ஃபுளூ என்று முடிவு செய்து எழுதியிருந்தால் ஜே11.1. இதை ஜே06.9-இல் தள்ளிவிடாதீர்கள். பலதுறை மருந்தகங்களுக்கு மூச்சுத்தொற்றோடு தினமும் சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்று வாராந்தரத் தொற்றுநோய்ப் புள்ளிவிவரத்தில் வெளியிடுகிறார்கள். அப்படிப்பட்ட கணக்கெல்லாம் எங்கோ ஒரு கவுண்டரில் ஒருவர் போடும் குறியீட்டில்தான் ஆரம்பிக்கிறது.

கோவிட்: பரிசோதனையில் உறுதியானால் யூ07.1 கட்டாயம் இருக்க வேண்டும். பரிசோதனையில் உறுதியாகாமல் மருத்துவரே கோவிட் என்று முடிவு செய்தால் யூ07.2. வீட்டில் ஏஆர்டி விரைவுப் பரிசோதனை போட்டு இரண்டு கோடு வந்தது என்று நோயாளி கைப்பேசியில் படம் காட்டுவார். அதை ஏற்பதா என்பது மருத்துவரின் முடிவு, நம்முடையது அல்ல.

கை, கால், வாய்ப் புண் நோய்: பாலர் பள்ளிப் பிள்ளைகள் தொண்டை வலி, காய்ச்சல் என்றுதான் வருவார்கள். பதிவுக் கவுண்டரில் வருகைக் காரணம் "தொண்டை வலி" என்று ஏறியிருக்கும். மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டுக் கை கால் வாய் நோய் என்று எழுதினால் பி08.4. வாயின் உட்புறத்தில் மட்டும் கொப்புளம் வரும் ஹெர்பாஞ்சினா பி08.5. வருகைக் காரணத்தைப் பார்த்துக் குறியீடு போடும் பழக்கம் இருந்தால் இங்கே நிச்சயம் தவறும்.

ஒவ்வாமை மூக்கழற்சி: ஜே30.4. தொற்றே இல்லை. காலையில் எழுந்ததும் தும்மல், மூக்கரிப்பு, படுக்கை விரிப்பை மாற்றினால் குறையும். இதைப் பற்றிக் கீழே பணக் கணக்கில் மறுபடி வருகிறேன், ஏனென்றால் வேறுபாடு பணப்பையையும் தொடுகிறது. புகைமூட்டக் காலத்தில் தொண்டை எரிகிறது என்று வருகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மருத்துவர் தொற்று என்று எழுதாதவரை தொற்றுக் குறியீடு போடக்கூடாது.

8. கேள்விக்குறியும் மருந்துச்சீட்டும்

குறிப்பில் "? ஸ்ட்ரெப்" அல்லது "சந்தேகம்: ஃபுளூ" என்று வரும். இங்கே விதிகளே ஒன்றுக்கொன்று முட்டுகின்றன. அமெரிக்க வெளிநோயாளி விதி, சந்தேகத்தைக் குறியீடாகப் போடாதே, அறிகுறியைப் போடு என்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் விதியோ, கடைசிவரை வேறு தகவல் கிடைக்காவிட்டால் சந்தேகித்த நோயையே உறுதியானதுபோல் போடு என்கிறது. இணையத்தில் இரண்டையும் படித்துக் குழம்பாமல் இருக்க வழி, உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு, கிளினிக்கின் வழக்கத்தை நோட்டில் எழுதி வைப்பது. எங்கள் மருத்துவர் சொன்னது: பரிசோதனை முடிவு வரும்வரை காய்ச்சலுக்கு ஆர்50.9, இருமலுக்கு ஆர்05 என்று அறிகுறியைப் போடு, முடிவு வந்ததும் நான் மாற்றுகிறேன்.

மருந்துச்சீட்டைப் பார்த்து நோயை ஊகிப்பதும் இதே வகைத் தவறு. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார், அப்படியென்றால் பாக்டீரியா, அப்படியென்றால் ஸ்ட்ரெப், அப்படியென்றால் ஜே02.0 என்று மனம் தானாக ஓடும். ஓட விடாதீர்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) எத்தனை நாள் என்பதற்கும் குறியீட்டுக்கும்கூடச் சம்பந்தமில்லை.

9. சாஸ் பணக் கணக்கு

சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில், அதாவது சாஸில், சாதாரண நோய்களுக்கு ஒரு வருகைக்கான உச்ச உதவித்தொகை அட்டைக்கு அட்டை வேறு. நீலம், ஆரஞ்சு, பச்சை ஆகியவை குடும்ப வருமானத்தைப் பொறுத்தவை, மெர்டேக்கா, முன்னோடி இரண்டும் மூத்த தலைமுறையினருக்கானவை. 2019 நவம்பரில் பச்சை அட்டை அறிமுகமானபோது இருந்த அளவு: நீல அட்டைக்கு 18 வெள்ளி 50 காசு, ஆரஞ்சுக்கு 10 வெள்ளி, மெர்டேக்கா தலைமுறைக்கு 23 வெள்ளி 50 காசு, முன்னோடித் தலைமுறைக்கு 28 வெள்ளி 50 காசு. பச்சை அட்டைக்குச் சாதாரண நோயில் ஒன்றும் இல்லை, நாட்பட்ட நோய்க்கு மட்டும் உண்டு. நடப்புத் தொகையை உங்கள் கிளினிக்கில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் சரிபாருங்கள்.

இப்போது ஒவ்வாமைக்கு வருவோம். சளி சாதாரண நோய். ஆனால் ஒவ்வாமை மூக்கழற்சி, திட்டம் ஏற்றுக்கொண்ட 23 நாட்பட்ட நோய்களில் ஒன்று. ஒரே மூக்கொழுகல், இரண்டு வெவ்வேறு உதவித்தொகைப் பத்தி. பச்சை அட்டைக்காரர் ஒருவர், "ஒவ்வாமைன்னு போட்டுடும்மா, கழிவு கிடைக்கும்" என்று கவுண்டரில் கேட்பார். பாவமாகத்தான் இருக்கும். செய்யாதீர்கள். குறிப்பில் இல்லாத நோய்க்குப் பணம் கேட்பது பொய்க் கோரிக்கை, தணிக்கையில் குறிப்பையும் கோரிக்கையையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். உண்மையிலேயே அவருக்கு ஆண்டு முழுவதும் இந்தத் தொல்லை இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள், அவர் பார்த்து முடிவு செய்வார். நீரிழிவு நோயாளி வெறும் சளிக்கு வந்த நாளிலும் இதே கவனம் வேண்டும். அன்று பார்த்தது சளியை என்றால் சளிக்குத்தான் குறியீடு.

நிறுவனப் பேனல் நோயாளிகளின், அதாவது வேலை தரும் நிறுவனம் செலவை ஏற்கும் நோயாளிகளின், கோரிக்கையிலும் குறியீடு கேட்பார்கள். அது அந்தக் கோரிக்கைகளைக் கையாளும் நிர்வாக நிறுவனத்துக்குப் போவது. வேலையிடத்திலிருந்து யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு "அவருக்கு என்ன நோய்?" என்று கேட்டால் சொல்லாதீர்கள்.

10. எப்போது போடுவது, எவ்வளவு நேரம் ஆகும்

மருத்துவர் கிளினிக்கில் இருக்கும்போதே போடுங்கள். சாயங்காலம் மொத்தமாகப் போடலாம் என்று வைத்தால், நாற்பது பேருக்குப் பிறகு காலையில் வந்தவரின் சைனஸ் அக்யூட்டா என்று அவருக்கும் நினைவிருக்காது. கேள்விகளை ஒரு தாளில் சேர்த்து வைத்து, மதிய உணவுக்கு முன் ஒருமுறை, மூடும் முன் ஒருமுறை அவரிடம் காட்டுவது எங்களுக்கு ஒத்துவந்தது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கதவைத் தட்டினால் உள்ளே இருக்கும் நோயாளிக்கும் இடைஞ்சல்.

முதல் இரண்டு வாரம் ஒரு குறியீட்டுக்கு மூன்று நான்கு நிமிடம்கூட ஆகும். நோயின் பெயரை அகரவரிசையில் தேடுவது, பிறகு அந்தக் குறியீட்டின் பக்கத்துக்குப் போய் "இதில் சேராதவை" என்ற பகுதியைப் படிப்பது, இரண்டையும் விடாமல் செய்யுங்கள். ஜே00-வின் கீழே "சேராதவை" பகுதியைப் படித்தாலே நாட்பட்ட மூக்கழற்சி, ஒவ்வாமை, தொண்டை வலி எல்லாம் எங்கே போகும் என்று எழுதியிருக்கும். ஒரு மாதத்தில் முக்கால் பங்கு மனப்பாடமாகிவிடும். திங்கட்கிழமைக் காலையில் மட்டும் அவசரப்படாதீர்கள். வரிசை மிக நீளமாக இருந்தால் நோயாளியை அனுப்பிவிட்டு, குறியீட்டைக் காலியாக விட்டு, பிறகு போடுங்கள். காலியாக இருப்பது கண்ணில் படும். தவறான ஜே06.9 யார் கண்ணிலும் படாது.

வாரம் ஒருமுறை உங்கள் ஜே06.9 பட்டியலை மட்டும் எடுத்து, அதில் பத்தைத் திறந்து மருத்துவரின் குறிப்போடு ஒப்பிடுங்கள். பதினைந்து நிமிட வேலை. பத்தில் மூன்றுக்கு மேல் மருத்துவர் இடத்தைக் குறிப்பிட்டிருந்தால் மீதியையும் பாருங்கள்.

தவறு தென்பட்டால் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு மாற்றுங்கள். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் உங்கள் கிளினிக் தகவல் சேர்க்கிறது என்றால் அங்கேயும் திருத்தம் போனதா என்று பாருங்கள். சாஸ் கோரிக்கை ஏற்கெனவே போயிருந்தால் அதையும் திருத்த வேண்டும், தொகை மாறினால் நோயாளிக்குப் புதிய ரசீது தர வேண்டும். அந்தப் பையனின் பதிவுகளை அப்படித்தான் திருத்தினோம். பழைய குறியீடு, புதியது, தேதி, யார் ஒப்புதல் என்று நான்கு பத்தி போட்டு ஒரு தாளில் எழுதி, பதிவோடு சேர்த்து வைத்தோம். நிபுணருக்குப் போன கடிதத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தது.